நாற்பத்தேழு பேர் சொன்ன இடம்

பிணம் தயாபரனின் போனுக்குள் வந்து விழுந்தபோது காலை மணி பத்து பதினேழு.

அலறல் இல்லை. ஓலம் இல்லை. மெசெஞ்சரில் ஒரு சின்ன 'டிங்'... அவ்வளவுதான்!

படத்தைத் திறந்தான். வாயில் இருந்த வடை பாதியில் நின்றது.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண். கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கைத் தரையில் விரித்து, அதன் மேல் ஒருக்களித்துக் கிடந்தாள். கண்கள் மூடியிருந்தன. ரோஸ் நிறச் சுவெட்டர். கழுத்துப் பக்கம் முழுக்க ரத்தம்! பின்னால் முட்டை போல ஒரு பாறை. அதன் உச்சியில் ஊன்றிய சூலம். பக்கத்தில் உடைந்த தண்ணீர்த் தொட்டி.

கீழே ஒரு செய்தி.

'அண்ணே, தோட்டத்துல ஒரு பொம்பளைய வெட்டிப் போட்டிருக்காங்க. மூடி மறைக்கப் பாக்குறாங்க. எனக்கு யாரோ அனுப்புனாங்க. எந்தத் தோட்டம்னு தெரியல. நீங்கதான் கண்டுபிடிக்கணும். எம் பேரப் போட்றாதீங்க.'

அனுப்பியவர் பெயர், 'மலைச்சாரல் தங்கச்சி'. முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ.

தயாபரன் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் பதுளைச் செய்தியாளன். பத்திரிகைக்கு அவன் அனுப்புகிற செய்தி மூன்று நாள் கழித்து ஏழாம் பக்கத்து மூலையில் வரும். ஆனால் அவன் பேஸ்புக்கில் நடத்துகிற 'ஊவா உடனடி' பக்கத்துக்கு அறுபத்திரண்டாயிரம் பேர்! அதற்கு அலுவலகம், பதுளை பஸார் வீதியில் நண்பன் ஹிஷாமின் போன் திருத்தும் கடை. மேசையும் இலவசம், வைபையும் இலவசம்.

"மச்சான், இங்க பாரு!"

ஹிஷாம் எட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"யா அல்லாஹ்! எங்கடா இது?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும். மொதல்ல போட்டோ உண்மையான்னு பாக்கணும்."

கொழும்பு ஹோட்டல் ஒன்றில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் தயாபரன் இதையெல்லாம் கற்றிருந்தான். சான்றிதழ் கூட, இந்தக் கடையில்தான், போன் கவர்களுக்கு நடுவே தொங்குகிறது. படத்தைத் தேடுபொறியில் போட்டான். பழைய படமாக இருந்தால் எங்கேயாவது மாட்டும்.

மாட்டவில்லை!

"இன்டர்நெட்ல எங்கயும் இல்ல. அப்ப இது புது போட்டோ. அசல்!"

பொலிசுக்குப் போன் போட்டான். அப்படி ஒரு முறைப்பாடும் வரவில்லை என்றார்கள். அவனுக்கு ரத்தம் இன்னும் சூடானது. முறைப்பாடு வரவில்லை என்றால் மறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

"மச்சான்," என்றான் ஹிஷாம் மெதுவாக. "இவ மௌத்தாகிட்டான்னு யாரு செல்லின? நீ நாடி புடிச்சுப் பாத்தாயா?"

"கழுத்துல ரத்தத்தப் பாத்தியா இல்லியா?"

ஹிஷாமின் கேள்விக்குக் கொஞ்சம் காது கொடுத்திருக்கலாம். தயாபரன் கொடுக்கவில்லை. பெண்ணின் முகத்தை மறைத்தான். மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டான். பாறை, சூலம், தொட்டி...

'இது எந்தத் தோட்டம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு உயிருக்கு நீதி வேண்டும்!'

போட்டான்.

முதல் அரை மணி நேரம் அழுகைப் பொம்மைகள் கொட்டின. 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று நூறு பேர். கல்யாணப் படம் எடுத்துத் தருவதாக ஒருவர் அங்கேயும் விளம்பரம் போட்டிருந்தார். கட்டாரில் இருந்து ஒருவர் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரை எழுதினார். தயாபரன் வாசிப்பதற்குள் அதை அவரே அழித்துவிட்டார்.

பிறகு வந்தது முதல் பதில்.

'ஹல்துமுல்ல.'

அடுத்த நிமிடமே இன்னொன்று. 'ஹல்துமுல்லதான் அண்ணே.' இன்னொன்று. 'சத்தியமா ஹல்துமுல்ல!' ரோஜா ராணி சொன்னாள். தேயிலைச் சிட்டு சொன்னாள். அம்மா செல்லம் சொன்னாள். ஒருவர் போகிற வழியையே எழுதியிருந்தார். 'ஹல்துமுல்ல டவுன்ல இருந்து மேல ஏறுற ரோடு. வெள்ளப்பாறத் தோட்டம். மேல்கணக்கு. எட்டாம் நம்பர் மல.'

தயாபரன் எண்ணினான். நாற்பத்தேழு பேர்!

"மூணு பேர் தனித்தனியா ஒரே பதில் சொன்னாலே செய்தி உறுதின்னு சொல்லிக் குடுத்தாங்க மச்சான். இங்க நாப்பத்தேழு!"

பதினொன்று இருபதுக்கு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தட்டினான்.

'உறுதி! ஹல்துமுல்லை, வெள்ளைப்பாறைத் தோட்டம், மேல்கணக்கு, எட்டாம் நம்பர் மலை.'

டிங்!

மலைச்சாரல் தங்கச்சி.

'இடம் கெடச்சிருச்சு. ரொம்ப நன்றி அண்ணே.'

"இடம் கெடச்சிருச்சா? என்னடா இப்படி எழுதுறா..."

அவன் பதில் எழுதுவதற்குள் ரோஜாப்பூ மறைந்தது. பேஸ்புக் கணக்கே இல்லை. அழித்தாகிவிட்டது!

அந்த நேரம் பார்த்துப் போன் அலறியது. தெரியாத நம்பர்.

"ஹலோ... ஊவா உடனடியா?" பெண் குரல். மூச்சு வாங்கியது. "அண்ணே, அந்த போட்டோவ அழிச்சிருங்க! கால்ல விழுகுறேன், அழிச்சிருங்கண்ணே!"

"யாரும்மா நீங்க?"

"என் பேரு விஜயலெட்சுமி. பண்டாரவளையில துணிக்கடையில நிக்கிறேன். அது எங்க அக்காண்ணே. கலாராணி. அந்த சுவெட்டர் நான் வாங்கி அனுப்புனது."

"ஐயோ... ரொம்ப வருத்தமா இருக்கும்மா. அக்காவ யாரு..."

"அக்கா சாகலண்ணே!" அவள் கத்தினாள். "தூங்குறா!"

தயாபரன் எழுந்து நின்றுவிட்டான்.

"என்ன?"

"நேத்து சாப்பாட்டு நேரத்துல தூங்கிட்டா. கூட கொழுந்து எடுக்குறவங்க வெளாட்டுக்குப் படம் புடிச்சு எனக்கு அனுப்புனாங்க. நான்தான் பாவி, 'என் செல்ல அக்கா'ன்னு வட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வச்சேன். அரை மணி நேரந்தாண்ணே வச்சேன்! ரத்தம் யாரோ போனுல பூசுனது!"

"எதுக்கு?"

"ஜெயரூபன்னு ஒருத்தன். போன வருசம் கோயில் திருவிழாவுல எங்க வீரய்யா மாமாவ கவ்வாத்துக் கத்தியால வெட்டிக் கொன்னவன். பெயில்ல வெளிய இருக்கான். வெட்டுனதப் பாத்தது அக்கா மட்டுந்தான். நாளன்னைக்கு பதுளை கோட்டுல சாட்சி சொல்லணும். அதான் பொலிசு அவள ஒரு தோட்டத்துல ஒளிச்சு வச்சிருக்காங்க. எனக்கே எடம் தெரியாது. கேக்கக் கூடாதுன்னுட்டாங்க. அவன் ஆறு மாசமாத் தேடுறாண்ணே..."

அவள் குரல் உடைந்தது.

"நீங்க ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்களே!"

தயாபரன் படத்தை மறுபடி திறந்தான். இணையத்தில் எங்கேயும் இல்லாத படம்... ஆமாம், ஸ்டேட்டஸில் வந்த படம் எந்தத் தேடலிலும் மாட்டாது! அசல் என்று துள்ளினானே! செய்தியை உறுதிப்படுத்தத்தான் ஊரைக் கேட்டான். ஒரு கொலைகாரன் கேட்க முடியாத கேள்வியை, அவனுக்காக, அறுபத்திரண்டாயிரம் பேரிடம் கேட்டுக் கொடுத்திருக்கிறான்!

பதிவை அழித்தான். பலன்? அதற்குள் தொள்ளாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

"அக்காவுக்குப் போன் போடும்மா!"

"அக்காட்ட போன் இல்ல. பெரியாயின்னு ஒரு கங்காணியம்மா போன்ல இருந்துதான் பேசுவா. அந்த நம்பர் காலையில இருந்து எங்கேஜ்டாவே இருக்குண்ணே!"

நம்பரை வாங்கிக்கொண்டான். ஜெயரூபனின் படம் ஒன்றையும் அனுப்பச் சொன்னான். அடித்தான். எங்கேஜ்ட். மறுபடி அடித்தான். எங்கேஜ்ட்!

பொலிசை அழைத்துக் கொட்டினான். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, பாக்குறோம்," என்று வைத்துவிட்டார்கள்.

பாக்குறோம்!

"மச்சான், பைக்க எடு!"

ஹிஷாம் சாவியை எடுத்தான். ஷட்டரை இழுத்துப் பூட்டினான்.

ஹாலி எல தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. பின் சீட்டில் குந்திக்கொண்டு, தயாபரன் ஈர விரலால் தட்டிக்கொண்டே வந்தான்.

'முக்கியத் திருத்தம்! அந்த இடம் ஹல்துமுல்லை இல்லை. செய்தி தவறு. யாரும் நம்ப வேண்டாம்!'

உண்மையை நம்ப வைக்க ஐந்து வருடம் பாடுபட்டவன் அவன். இன்றைக்கு ஒரே ஒரு பொய்யை நம்ப வைக்க முடியவில்லை.

'அண்ணே, நீங்கதானே உறுதின்னு போட்டீங்க?' என்றாள் ரோஜா ராணி.

'ஹல்துமுல்லதான். எங்களுக்குத் தெரியாதா?' என்றாள் தேயிலைச் சிட்டு.

'ஊவா உடனடிய மிரட்டி மாத்தி எழுத வைக்கிறாங்க போல!' என்றாள் அம்மா செல்லம். அதற்கு இருநூறு லைக்!

"ஐயோ, வாய மூடுங்களேன்!" என்று போனைப் பார்த்துக் கத்தினான். யாருக்குக் கேட்கும்?

பண்டாரவளையில் பெரியாயிக்கு மறுபடி அடித்தான். எங்கேஜ்ட். ஹப்புத்தளை மேட்டில் மூடுபனி இறங்கி, சிக்னலும் செத்தது. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஹிஷாமின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர. ஜெயரூபன் எங்கே இருந்து கிளம்பியிருப்பான்? பதுளையா? பண்டாரவளையா? பண்டாரவளை என்றால் இந்நேரம்... தயாபரன் நெஞ்சோடு குமுறி அழுதான். மழையில் அது வெளியே தெரியவில்லை.

"அழாதடா," என்றான் ஹிஷாம், திரும்பாமலே. "அழுதா பைக் ஆடுது."

வெள்ளைப்பாறைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கு. மணி இரண்டு ஆகப் பத்து நிமிடம். மழை விட்டிருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பைப்படியில் ஒரு கிழவி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, முட்டை மாதிரி ஒரு பாறை, மேல சூலம்... எங்கங்க இருக்கு?"

"அப்படி ஒண்ணும் இங்க இல்லீங்களே!"

"ரோஸ் சுவெட்டர் போட்ட ஒரு அக்கா... வெளித் தோட்டத்துல இருந்து வந்து தங்கியிருக்காங்களே?"

"அப்படி யாரும் வரலீங்களே!"

பயந்து மறைக்கிறாள் என்று நினைத்தான். எட்டாம் நம்பர் மலைக்கு இருவரும் ஓடி ஏறினார்கள்.

மலையில் நான்கு ஆண்கள் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டின லட்சணத்தைப் பார்த்து, லயத்தில் பிறந்த தயாபரனுக்கு எரிச்சல் வந்தது. செடியைக் கொத்திக் குதறி வைத்திருந்தார்கள். ஆனால் அதைக் கவனிக்கிற நேரமா இது?

மலை முழுக்கத் தேடினான். பாறை இல்லை. சூலம் இல்லை. தொட்டி இல்லை. கலாராணியும் இல்லை!

"மச்சான், இது அந்த எடமே இல்ல!" என்றான் ஹிஷாம்.

"அப்ப நாப்பத்தேழு பேர் எப்படிச் சொன்னாங்க? அவ எங்க? அவன் எங்க?"

"அண்ணே..."

பின்னாலிருந்து ஒரு குரல். மரியாதையான, மெதுவான குரல்.

"நீங்க ஊவா உடனடி தயாபரன் அண்ணன்தானே?"

திரும்பினான்.

மெலிந்த உடம்பு. நனைந்த சட்டை. விஜயலெட்சுமி அனுப்பிய படத்தில் இல்லாத தாடி. ஆனால் அதே கண்கள். கையில் கவ்வாத்துக் கத்தி!

ஜெயரூபன்!

"ஒங்கள நம்பி வந்தேன்ணே," என்றான், நிஜமாகவே மனம் நொந்தவன் போல. "பன்னெண்டர மணியில இருந்து இந்த மலையச் சுத்துறேன். அட்ட கடிச்சதுதான் மிச்சம். பாறையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உறுதின்னு போட்டா உறுதியா இருக்க வேணாமாண்ணே? இப்படியா பொய்ச் செய்தி போடுவீங்க?"

தயாபரன் ஓரடி பின்வாங்கினான்.

ஜெயரூபனின் கை மின்னலாகப் பாய்ந்தது. அடுத்த நொடி ஹிஷாமின் தலைமுடி அவன் பிடியில். கத்தி கழுத்தில்!

"இன்னொரு தடவ கேளுங்கண்ணே."

"எ... என்ன?"

"எடம் தப்பு, சரியான எடத்தச் சொல்லுங்கன்னு போடுங்க. ஒங்களுக்குத்தான் நிமிசத்துல சொல்லுவாங்களே! இந்த மேட்டுல சிக்னல் இருக்கு. பாத்துட்டேன்."

"தம்பி, வேணாம்ப்பா. அவ ஒரு பாவமும் அறியாதவ..."

கத்தி அழுந்தியது. ஹிஷாமின் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. இது போனில் பூசிய சிவப்பு இல்லை.

"போடாத மச்சான்," என்றான் ஹிஷாம். "நீ போடாத!"

இந்தப் பக்கம் இருபது வருடச் சிநேகிதன். அந்தப் பக்கம், முகம் கூடச் சரியாகத் தெரியாத ஒரு பெண். எதை விட்டாலும் அவன்தான் கொலைகாரன். இதற்கு எந்தப் பயிற்சியிலும் பாடம் நடத்தவில்லை.

தயாபரன் தட்டினான். கண்ணீர் திரையில் விழுந்து எழுத்துகள் ஊதித் தெரிந்தன.

'சொன்ன இடம் தப்பு. சரியான இடம் எது?'

படத்தையும் சேர்த்தான். கட்டைவிரல் ஒரு நொடி நின்றது. ஹிஷாமின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தான்.

அமுக்கிவிட்டான்!

அவ்வளவுதான். கலாராணி, என்னை மன்னித்துவிடு.

பத்து விநாடி... இருபது விநாடி...

டிங்!

"வாசிங்கண்ணே!" என்றான் ஜெயரூபன் ஆவலாக.

தயாபரன் திரையைப் பார்த்தான். புருவம் சுருங்கியது.

"ரோ... ரோஜா ராணி. 'ஹல்துமுல்லதான் அண்ணே. நல்லாத் தேடிப் பாருங்க.'"

டிங்! டிங்! டிங்!

"தேயிலைச் சிட்டு. 'ஹல்துமுல்லயேதான்.' அம்மா செல்லம். 'சத்தியமா ஹல்துமுல்ல. இன்னும் கொஞ்சம் மேல ஏறுங்க...'"

"என்ன?" ஜெயரூபனுக்குக் குழம்பிவிட்டது. "குடு இங்க!"

போனைப் பிடுங்கக் கத்திக் கையை நீட்டினான். கழுத்தில் இருந்து கத்தி விலகியது.

அந்த ஒரு நொடி போதும்!

கவ்வாத்து வெட்டத் தெரியாத அந்த நான்கு பேரும் தேயிலைக்குள்ளிருந்து பாய்ந்தார்கள். ஒருவன் மணிக்கட்டை முறுக்கினான். ஒருவன் காலை வாரினான். மூன்றாமவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். நான்காமவர் நிதானமாக வந்து, இடுப்பில் கட்டியிருந்த சாக்குக்குள்ளிருந்து விலங்கை எடுத்தார்.

"மன் சார்ஜண்ட்," என்றார் சிங்களத்தில், மூச்சு வாங்க. பிறகு தமிழுக்கு மாறினார். "நாங்க பொலிஸ். அவன் கத்தி எடுக்கும் வரைக்கும் வெய்ட் பண்ணினது. நீங்க ரெண்டு பேரும் நடுவுல வருவீங்கன்னு நாங்க நினைக்கல்ல."

ஹிஷாம் அப்படியே தேயிலை மேல் சரிந்து உட்கார்ந்தான்.

"நான் பொலிசுக்குப் போன் பண்ணினேனே!" தயாபரன் சார்ஜண்டைப் பார்த்துக் கத்தினான். "ஆள் போட்டிருக்கோம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

சார்ஜண்ட் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொன்னா, அதையும் நீங்க பேஸ்புக்ல போடுவீங்களே!"

தயாபரன் தலையைக் குனிந்துகொண்டான். சார்ஜண்ட் தன் போனை எடுத்து, நடந்ததை யாருக்கோ சொல்லிவிட்டு வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் தயாபரனின் போன் அடித்தது. காலையில் இருந்து எங்கேஜ்டாக இருந்த அந்த நம்பர்!

"தம்பி, நான் பெரியாயி பேசுறேன்." கணீரென்ற குரல். மலையில் நின்று அடுத்த மலைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். "அவனப் புடிச்சிட்டாங்களாமே? நல்லா இருப்பீங்க. ஒங்க சிநேகிதருக்கு ஒண்ணும் ஆகலியே?"

"இல்லம்மா... நீங்க... எங்க... இது என்னம்மா நடந்துச்சு?"

"என்ன நடந்துச்சா? காலையில கொழுந்து நிறுக்கிற எடத்துல நிக்கிறோம். ஒரு புள்ள போனக் காட்டுது. நம்ம பாறை, நம்ம சூலம், நம்ம கலாராணி! அவ எனக்குப் பக்கத்துல நின்னு வெத்தல போட்டுக்கிட்டு இருக்கா. செத்துட்டாள்னு நீங்க போட்டிருக்கீங்க. யாரு அனுப்பியிருப்பான்னு எங்களுக்குத் தெரியாதா? ஒடனே சார்ஜண்டு மாத்தயாவுக்கு அடிச்சேன். தூரமா ஒரு எடத்தச் சொல்லுங்க, நாங்க முந்திப் போயிர்றோம்னாரு. வெள்ளப்பாற எம் மருமக பொறந்த தோட்டம். அதச் சொன்னேன்."

"அந்த நாப்பத்தேழு பேரு?"

"எங் கங்காணத்து ஆளுங்க தம்பி, எங்கிட்ட வேல செய்றவங்க! காலையில வேலைக்கு முன்ன பெரட்டுல பேர் கூப்பிட்டா ஒவ்வொருத்தரா ஆமான்னு சொல்லுவோம்ல? அதே மாதிரி ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டேன். 'போடுடி ஹல்துமுல்ல. நீ போடு. அடுத்தவ நீ போடு'ன்னேன். போன் இல்லாதவளுக்குப் பக்கத்து வூட்டுப் போன். கட்டார்ல இருக்க எங்க பய ஒருத்தன் அவசரப்பட்டு உள்ள பேரப் போட்டுட்டான். அவனக் கூப்பிட்டுத் திட்டி அழிக்க வச்சேன். இதுல நீங்க வேற, ஹல்துமுல்ல இல்ல, இல்லன்னு எழுதிக்கிட்டே இருக்கீங்க! ஒங்கள அடக்குறதுக்குள்ள எங்களுக்கு உசுரு போயிருச்சு!"

தனித்தனியாக நாற்பத்தேழு சாட்சிகள் என்று எண்ணினானே... அத்தனையும் ஒரே பெரட்டு! அவன் கேட்டது முட்டாள்தனம். உறுதி செய்தது பொய். திருத்தியது அதைவிடப் பெரிய ஆபத்து. கடைசியில் அமுக்கியது துரோகம். காலையில் இருந்து அவன் செய்த ஒன்று கூட அந்தப் பெண்ணைக் காப்பாற்றவில்லை. அவள் உயிரோடு இருப்பது, அவனை ஒரு நிமிடம் கூட நம்பாத பெண்களால்தான்.

"அம்மா, கலாராணிகிட்ட ஒரு வார்த்த பேசலாமா?"

கரகரவென்று சத்தம். பிறகு ஒரு இளம் குரல்.

"அண்ணே..."

"மன்னிச்சிரும்மா. நான்... மறுபடியும் கேட்டுட்டேன். அமுக்கிட்டேன்மா."

அந்தப் பக்கம் வெற்றிலையைத் துப்புகிற சத்தம்.

"கழுத்துல கத்திய வச்சா யாருண்ணே அமுக்க மாட்டாங்க?" என்றாள். "ஆனா அஞ்சு நிமிசம் கண்ண மூடுனதுக்கு இத்தன பேரு அனுதாபம் சொன்னது எனக்கு மட்டுந்தாண்ணே!"

தயாபரன் சிரிக்கப் பார்த்தான். அழுகைதான் வந்தது. போன் மறுபடி பெரியாயி கைக்குப் போனது.

"அழுதது போதும் தம்பி. எங்களப் பத்தி பேப்பர்ல எழுதுவீங்கள்ல? நல்லா எழுதுங்க."

"கட்டாயம் எழுதுறேன்மா." மூக்கைத் துடைத்துக்கொண்டான். பழக்க தோஷம், கை தானாகப் பேனாவைத் தேடியது. "நீங்க எந்தத் தோட்டம்னு சொல்லவே இல்லியே?"

பெரியாயி சிரித்தாள்.

"பேஸ்புக்குல கேட்டுப் பாருங்க தம்பி!"